எருவோடு போன ஈக்கள்

லூர்துசெல்விக்கு அந்தப் பங்குனி மாதம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் கொட்டகைப் பக்கம் போகத் தோன்றும். போனால் அங்கே ஈ.

ஈ என்றால் சாப்பிடும்போது கையை வீசி விரட்டுகிறோமே, அந்த நாலைந்து ஈ இல்லை. கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டிலிருந்து மயிலம் போகிற வழியில் இருந்தது அவளுடைய கோழிக்கொட்டகை. கூரைக்கழி, கம்பம், தண்ணீர்த் தொட்டி, தீவன மூட்டை என்று தொட்ட இடமெல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டு அசைந்தது. கம்பிக்கூண்டில் வரிசையாக நின்ற முட்டைக்கோழிகள் தலையை உதறி உதறிக் கடைசியில் அலுத்துப்போய், கண்ணோரத்தில் ஈயை வைத்துக்கொண்டே தீவனம் தின்றன. கூண்டுக்கு அடியில் குவிந்துகிடந்த எச்சத்தில்தான் அத்தனையும் பிறந்தன. பிறந்தது இங்கே என்றாலும் பிழைக்கப் போனது கூட்டுரோட்டில் இருந்த கண்ணையன் டீக்கடைக்கு.

கண்ணையன் சும்மா இருக்கிற ஆசாமியா? கிளாஸில் ஈ விழுந்தால் வேறு கடைக்காரராக இருந்தால் ஓசைப்படாமல் கொட்டிவிட்டு வேறு டீ போடுவார். இவர் அதைக் கரண்டியில் எடுத்து, விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்பவர், லாரி டிரைவர் என்று எல்லாருக்கும் காட்டுவார். "எங்கூட்டு ஈ இல்லீங்க இது. செல்வி பண்ணையில வளர்த்து அனுப்புது" என்று சொன்ன பிறகுதான் கொட்டுவார். அதுவும் போதாமல், புதிதாகத் தேர்தலில் ஜெயித்து வந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் தேவநாதனிடம் போய் உட்கார்ந்துவிட்டார். தேவநாதனுக்கோ தீர்ப்பு சொல்ல ஒரு விவகாரம் கிடைக்காதா என்று நாக்கு ஊறிக்கொண்டிருந்த நேரம்.

"இத பாரும்மா, உத்திரத்துக்குக் காவடிக்காரங்க அம்புட்டுப் பேரும் இந்த வழியாத்தான் மயிலத்துக்குப் போவாங்க. அதுக்குள்ள ஈ அடங்கணும். அடங்கலன்னா கொட்டகையைப் பிரிச்சுக்கினு போயிடு. பேஜாரு பண்ணாத" என்றார் தேவநாதன்.

கொட்டகையைப் பிரித்தால் எங்கே போவது என்பதில் செல்விக்குச் சந்தேகமே இல்லை. திண்டிவனத்துக்குத்தான். அங்கே மாமியார் இருதயமேரி வீட்டில் ஓர் அடுப்படி இருந்தது. கல்யாணமான நாள் முதல் அந்தப் புகைக்குள்ளேயே கிடந்து, இரண்டு கொழுந்தன்மாருக்கும் அவர்கள் பெண்டாட்டிகளுக்கும் சேர்த்து ஆக்கிப் போட்டு, ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி வெளியே வந்தவள் அவள். புருஷன் அந்தோணிசாமி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் பம்பாய் ரோட்டில் இருப்பான். அவனுக்கு அம்மாவையும் எதிர்த்துப் பேசத் தெரியாது, பெண்டாட்டியையும் அடக்கத் தெரியாது. அவள் பேரில் இந்தக் கொட்டகையைப் போட்டுக் கொடுத்ததுதான் அவன் செய்த ஒரே தைரியமான காரியம். பஞ்சாயத்து விஷயம் காதில் விழுந்ததும் இருதயமேரி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "அடுப்படி அப்படியேதான் இருக்குது, வரச்சொல்லு." அதைக் கேட்டதிலிருந்து செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் அவள் கையில் எடுத்தது பம்ப்பு. தீவனத் தொட்டிகளைச் சாக்கு போட்டு மூடிவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்து மருந்து அடித்தாள். பொலபொலவென்று கொட்டின. முறத்தில் கூட்டி அள்ளி நேரே டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"பார்த்துக்கோங்கண்ணே. எல்லாம் செத்துப் பூடுச்சு."

கண்ணையன் முறத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "டீ குடிக்கிற இடத்துல கொண்டாந்து காட்டுறியே, தூக்கிக்கினு போம்மா" என்றார்.

அந்த வாரம் நிம்மதி. அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாக வந்தன. அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மருந்தை வாளியில் கரைத்து எச்சக் குவியலின் மேலேயே ஊற்றினாள். வெள்ளைப் புழுக்கள் நெளிந்து நெளிந்து உள்ளே இறங்கிவிட்டன. எச்சம் நனைந்து நாற்றம் கூடியதும், அந்த நாற்றத்துக்கு இன்னும் நாலு ஊர் ஈ வந்து சேர்ந்ததும்தான் கண்ட பலன். கோழிகள் வேறு முட்டையைக் குறைத்துக்கொண்டன.

மறுநாள் காலை விழுப்புரம் பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சீட்டு காலியாத்தானம்மா கீது, உக்காரு" என்று கண்டக்டர் விக்கிரவாண்டி வருவதற்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று விட்டுவிட்டார்.

விழுப்புரத்தில் இருந்த கால்நடை டாக்டர் வெங்கடாசலம் அவளைவிடச் சின்ன வயது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, ஆட்டுக்குக் கால் புண் என்று கேட்டுக் கேட்டு முகம் வாடிப்போய் இருந்தவர், செல்வி ஈயைப் பற்றி ஆரம்பித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஈயா? நான் படிக்கிறப்ப ரெண்டு வருஷம் ஈ வளர்த்தேன் தெரியுமா? பால், சக்கரை எல்லாம் கொடுத்து வளர்த்தேன்."

'வளர்க்கிறதுக்குமா படிப்பு? எங்கிட்ட வந்திருந்தா சும்மாவே கொடுத்திருப்பேனே' என்று செல்விக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்த காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கினாள்.

"மருந்து எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பம்ப்புல அடிச்சேன் சார். அப்புறம் குப்பை மேல ஊத்துனேன்."

"அங்கதாம்மா தப்பு. மருந்து நல்லதா இருந்தா மட்டும் போதாது. எப்படிப் போடுறோம், யாருக்குப் போடுறோம்னு இருக்கு. நாங்க பெரிய ஈயைப் பிடிச்சு முதுகுல ஒரு சொட்டு வெச்சுப் பார்த்தோம். மருந்து தடவின காகிதத்துல நடக்கவிட்டுப் பார்த்தோம். சக்கரையில கலந்து தின்னவும் கொடுத்தோம். அதே மருந்துதான், ஆனா சாவுறது ஒவ்வொரு விதமா இருந்துச்சு. புழுவுக்கு மேல ஊத்தினா ஒண்ணும் நடக்காது, உள்ள பூந்துக்கும். அது தின்கிற எச்சத்துல கலந்து இருந்தாத்தான் சாவும். உங்க குவியலுக்குள்ள அப்படிக் கலக்கவே முடியாது."

"அப்ப எல்லாத்தையும் தின்ன வெச்சுக் கொன்னுடலாமா சார்?"

"எல்லாத்தையும் முடியாது. புழு வளர்ந்ததும் மேல ஓடு கட்டிக்கும். செம்பட்டையா, சீரகம் சைஸுல இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்குத் தின்னவும் வேணாம், நடக்கவும் வேணாம். ஓட்டுக்குள்ள உக்காந்து ஈயா மாறிக்கிட்டு இருக்கும். டப்பாவோட மருந்தைக் கவிழ்த்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். எங்களுக்கே அதுகிட்ட ஒண்ணும் பலிக்கலை."

"அதை இன்னாதான் சார் பண்றது?"

"குப்பையை வெளிய எடுத்து வெயில்ல மெல்லிசாப் பரப்பிடுங்க. சூட்டுல காஞ்சே செத்துடும். குவிச்சு மட்டும் வைக்கக்கூடாது. குவிச்சா உள்ள கதகதப்பா இருக்கும், எல்லாம் பொரிஞ்சு வந்துடும்."

செல்வி ஒரு வார்த்தை விடாமல் மனசில் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே வெல்லத்தைக் கரைத்து மருந்து கலந்து, சாக்கைத் துண்டு துண்டாக வெட்டி நனைத்து, கோழிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டாள். ஈ இளைப்பாறுகிற கம்பங்களிலும் கூரைக்கழிகளிலும் மருந்தைத் துணியால் தடவினாள். அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. கடைசியில் நின்றது குப்பைதான். அதை எங்கே பரப்புவது? கொட்டகை நிற்கிற இடம்தான் அவள் இடம். ரோட்டோரத்தில் பரப்பினால் நாற்றம் பிடித்துக்கொண்டு தேவநாதன் அப்போதே கொட்டகையைப் பிரிக்க ஆள் அனுப்புவார். அந்த யோசனையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் டீக்கடைக்குப் பின்னால் இருந்த கண்ணையன் நிலம் கண்ணில் பட்டது.

கோழி எரு என்றால் மிளகாய்ச் செடிக்கு உயிர் என்று தெரியாத விவசாயி அந்தப் பக்கத்தில் கிடையாது. "அண்ணே, கொட்டகை எரு முழுக்க உங்களுக்குத்தான். வண்டி மட்டும் அனுப்புங்க" என்று அவள் சொன்னதும் கண்ணையன் முகத்தில் இருந்த கடுப்பு இறங்கிப்போனது.

"சும்மாவா தர்ற?"

"சும்மாத்தாண்ணே. பக்கத்து பக்கத்துல இருந்துக்கினு நமக்குள்ள என்ன மனஸ்தாபம்?"

அன்றைக்கு அவளுக்கு ஓசியில் டீ கிடைத்தது. மாட்டுவண்டி வந்து வந்து போனது. கொட்டகைத் தரை தெரிந்தது. கடைசி வண்டியோடு அவளும் நடந்து போய்ப் பார்த்தாள். கண்ணையன் எருவை நிலத்து ஓரத்தில் அழகாகக் குவித்து, மண்வெட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பரப்பி உட்டுடுங்க. வெயில்ல காயட்டும்."

கண்ணையன் சிரித்தார். "உனக்குக் கோழிதான் தெரியும் செல்வி. எருவை எவனாச்சும் காயவுடுவானா? சத்தெல்லாம் பூடும். குவிச்சு, தண்ணி தெளிச்சு, ஓலை போட்டு மூடணும். அப்பத்தான் மக்கும்."

ஏன் பரப்ப வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால், 'ஈயைக் கொண்டாந்து என் தலையிலயா கட்டுற' என்று வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்பிவிடுவார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் தெளித்த தண்ணீர் குவியலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொட்டகையில் ஈ அடங்கிப்போனது. தேவநாதன் வெள்ளை வேட்டியோடு வந்து உள்ளே ஒரு நடை நடந்தார். வேட்டியில் ஒன்றுகூட உட்காரவில்லை. கூட வந்த கண்ணையன், "நான்தான் சொன்னேனே தலைவரே, சொன்னா கேட்டுக்கிற பொண்ணு" என்று அவளுக்காகப் பரிந்து பேசினார். கொட்டகை பிழைத்தது. வேறு யாராக இருந்தாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள். செல்வியால் முடியவில்லை. சீப்பு வாங்க, சோப்பு வாங்க என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நாள் தவறாமல் கூட்டுரோட்டுக்குப் போனாள்; போகிறபோதும் வருகிறபோதும் அந்த ஓலைக் குவியலைப் பார்த்தாள்.

குவியலுக்குப் பக்கத்தில், ரோட்டோரப் புறம்போக்கில், அஞ்சம்மாள் கரும்புச்சாறு போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். மெஷின் சக்கரத்தைக் கையாலேயே சுற்றுவாள். காவடிக் கூட்டம் போகிற சமயத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவளுக்கு மழைக்காலம் ஓட வேண்டும். செல்வி திண்டிவனத்தை விட்டு வந்த புதிதில், யாரும் முகம் கொடுத்துப் பேசாதபோது, "வா செல்வி, குந்து" என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாடி, அங்கியே பார்த்துக்கினு இருக்கிற? குப்பையில தங்கமா மொளைக்குது?" என்று கேட்டாள் அஞ்சம்மாள் ஒரு மத்தியானம்.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் மெஷினைத் துடைக்கத் திரும்பிய நேரம் செல்வி ஓலையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே செம்பட்டை ஓடுகள் கொட்டிக் கிடந்தன. பாதிக்கு மேல் முனை திறந்திருந்தது. இறக்கை இன்னும் விரியாத ஈக்கள், வெளிறிப்போய், ஓலைக் கீற்றின் மேல் பறக்கத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஓலையை மெதுவாக இறக்கி மூடினாள். வீட்டுக்குப் போய்க் கொட்டகையைத் தேவையே இல்லாமல் இன்னொரு தரம் பெருக்கினாள்.

மறுநாள் டீக்கடை கறுத்துப்போனது. வடைத் தட்டு தெரியவில்லை. கண்ணையன் துண்டைச் சுழற்றிச் சுழற்றித் தோள் வலித்து நின்றுவிட்டார். செல்வியின் கொட்டகை சுத்தமாக இருப்பதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். எரு தண்ணீர் தெளித்துப் பக்குவமாக மூடி இருக்கிறது. பின்னே ஈ எங்கிருந்து வரும்? அவர் பார்வை அஞ்சம்மாள் குவித்து வைத்திருந்த கரும்புச் சக்கையில் போய் நின்றது.

"தித்திப்பு கண்ட இடத்துலதான் ஈ வரும். எல்லாம் இவ சக்கைதான் தலைவரே" என்றார், தேவநாதன் வந்ததும்.

"நான் இன்னா நேத்தா கடை போட்டேன்? இத்தினி வருஷம் வராத ஈ இப்பதான் வருதா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

தேவநாதனுக்கு யோசிக்க நேரமில்லை. "உத்திரம் வந்துடுச்சு. நாளைக்குள்ள மெஷினைத் தூக்கிடு. திருவிழா முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்."

செல்வி அப்போது டீக்கடையில்தான் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் கொட்டகை போகும். திண்டிவனத்து அடுப்படியும், ஈரவிறகும், இருதயமேரியின் குரலும் அவள் முன்னால் வந்து நின்றன. யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து, காலையில் வைத்த தீவனம் அப்படியே இருக்க, மேலும் தீவனம் வைத்தாள். முட்டைகளை எடுத்து அடுக்கினாள், இடம் மாற்றி அடுக்கினாள். 'உத்திரம் முடிஞ்சா அவளும் கடை போட்டுக்குவா, எனக்கு அப்படியா?' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது எடுபடவில்லை. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் வெயில் ஏறும் நேரத்தில் தேவநாதன் வந்து நிற்க, அவர் கூட்டி வந்த இரண்டு ஆட்கள் மெஷினைத் தூக்கப் போனார்கள். அஞ்சம்மாள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழவும் இல்லை. "உடுங்கடா, நானே தூக்கிக்கினு போறேன், உடுங்கடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டீக்கடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வி அதுவரைக்கும்தான் தாங்கினாள்.

நேரே குவியலுக்குப் போய் ஓலையை வாரி எறிந்தாள். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து தேவநாதன் காலடியில் கொட்டினாள். ஓடுகள் தரையில் சிதறின. சிலதில் இருந்து ஈ அப்போதுதான் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தக்காவை உட்டுடுங்க. சக்கையில ஒண்ணுமில்ல. இது என் கொட்டகை ஈ. எருவோட வந்துச்சு. குவிச்சா பொரியும்னு டாக்டர் சொன்னாரு. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தேவநாதன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தன் தீர்ப்பு ஊர் நடுவில் தப்பாகப் போன கோபம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப கொட்டகையைத்தான் பிரிக்கணும். மொதல்ல இந்த எருவை ஜல்தியா அள்ளிக்கினு போ. அம்புட்டையும்."

"அள்ளுறதா?" கண்ணையன் குரல் பாய்ந்து வந்தது. "குடுத்த எருவை எவனாச்சும் திரும்ப அள்ளுவானா? என் நிலத்துல இறங்குச்சு, என் வண்டியில வந்துச்சு. இது என் எரு."

"யோவ், நேத்து வரைக்கும் ஈ ஈன்னு குதிச்சது நீதானய்யா? எரு உன்னுதுன்னா ஈ யாருது?" என்றார் தேவநாதன்.

கண்ணையன் குவியலைப் பார்த்தார். வைக்கப்போகிற மிளகாயையும் நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்த எருவைத் திருப்பிக் கொடுத்தால் சொந்தக்காரன் எவனும் மதிக்கமாட்டான் என்றும் தோன்றியிருக்கும்.

"ஈயும் என்னுதுதான்!" என்றார். "என் ஈயை நான் பார்த்துக்கிறேன். யார் மேலயும் எனக்குப் புகார் இல்ல, போங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. புகார் கொடுத்தவரே ஈயைச் சொந்தம் கொண்டாடிய பிறகு எந்தத் தலைவர் என்ன தீர்ப்பு சொல்வது? தேவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மெஷினைத் தூக்க வந்த ஆட்களையே கண்ணையன் பிடித்து நிறுத்தி மண்வெட்டி கொடுத்தார். சத்து போகிறது, சத்து போகிறது என்று அவர் புலம்பப் புலம்ப, எருவை நிலம் முழுக்க விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். செல்வி வெல்லச் சாக்குகளைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் உயரத்தில் கட்டினாள். பங்குனி வெயில் மிச்ச வேலையைப் பார்த்தது. சாயங்காலம் செம்பட்டை ஓடு ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். உள்ளே காய்ந்து பொடியாக இருந்தது.

உத்திரத்தன்று காலையில் முதல் காவடிகள் வந்தன. ஈ அடியோடு போகவில்லை. ஆனால் வடைத் தட்டு தெரிந்தது. கொட்டகையை இனி யாரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்தும் செல்விக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. கரும்புக் கட்டைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று அஞ்சம்மாள் கடைக்கு வந்தாள்.

அஞ்சம்மாள் சாறு பிழிந்து ஒரு கிளாஸை அவளிடம் நீட்டினாள். செல்வி வாங்கிக் குடிக்கப் போனாள்.

"எப்ப பார்த்த அதை?" என்று கேட்டாள் அஞ்சம்மாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"எதைக்கா?"

"அந்த ஈ ஓடுங்கள."

செல்விக்குப் பொய் சொல்ல வரவில்லை. "குப்பையில தங்கமா மொளைக்குதுன்னு கேட்டியே, அன்னிக்கு."

"அப்ப, அதுக்கு மறுநாளு தலைவரு வந்து மெஷினைத் தூக்கிடுன்னு சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"டீக்கடையிலதான நின்னுக்கினு இருந்த."

"ஆமாக்கா."

அஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். அடுத்த கரும்பை எடுத்து மெஷினில் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் செல்வி காலில் விழுந்திருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கொட்டகை போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்தாள். உடனே, அது பொய் என்றும் அவளுக்குத் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது, ஆனால் கொட்டகை இருந்ததில் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அஞ்சம்மாள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ரோட்டில் அடுத்த கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு வந்தது. அஞ்சம்மாள் சக்கரத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து, "வாங்க சாமி, குந்துங்க, சாறு குடிச்சுட்டுப் போங்க" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். செல்வியை உட்காரச் சொல்லவில்லை.